உபரி ராணுவ ரைபிள்: முதலாவதாக எதை வாங்குவது?

ராணுவம் கழித்துவிட்ட பழைய ரைபிள் ஒன்றை வாங்க நினைப்பவர், இரண்டு கேள்விகளை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதுண்டு. கொடுத்த விலை நிற்குமா, ஏறுமா என்பது ஒரு கேள்வி. எடுத்துச் சுட்டால் பிசகாமல் வேலை செய்யுமா என்பது மற்றொன்று. நல்ல துப்பாக்கி என்றால் இரண்டும் சேர்ந்தே இருக்கும் என்று தோன்றுவது இயல்பு. ஆனால் இந்தச் சந்தையில் அவை பெரும்பாலும் எதிரெதிர்த் திசையில் போகின்றன. சேகரிப்பாளர் கூடுதல் பணம் கொடுப்பது, தொழிற்சாலையை விட்டு வெளிவந்த நிலை மாறாமல் இருப்பதற்காக. எழுபது எண்பது ஆண்டுப் பழைய துப்பாக்கி இன்றும் ஒழுங்காகச் சுடுவதோ, தேய்ந்த உறுப்புகளைக் காலாகாலத்தில் யாரோ ஒரு ராணுவப் பட்டறைக்காரர் மாற்றிக் கொடுத்ததனால். அப்படி மாற்றிய ஒவ்வோர் உறுப்பும் நம்பகத்தைக் கூட்டுகிறது. அதே அளவுக்கு விலையைக் குறைக்கிறது.

இதற்கு மிகத் தெளிவான சாட்சி, அமெரிக்காவின் 1903 மாடல் ஸ்பிரிங்ஃபீல்டு ரைபிள். ஸ்பிரிங்ஃபீல்டு ஆயுதசாலையில் 8,00,000-க்குக் குறைந்த வரிசை எண்ணிலும், ராக் ஐலண்டு ஆயுதசாலையில் 2,85,507-க்குக் குறைந்த வரிசை எண்ணிலும் செய்யப்பட்ட ரிசீவர்கள், அதாவது குழலும் சுடும் பொறியும் பொருந்தும் நடுவுடல்கள், காய்ச்சிய எஃகின் நிறத்தைக் கண்ணால் பார்த்தே சூட்டைக் கணித்த பழைய முறையில் பதப்படுத்தப்பட்டவை. வெயில் அடிக்கும் நாளில் ஒரு விதமாகவும் மேகம் மூடிய நாளில் வேறு விதமாகவும் தெரியும் நிறத்தை நம்பியதால், சில ரிசீவர்கள் அளவுக்கு மீறிச் சூடேறி, எளிதில் நொறுங்கும் எஃகாக வெளிவந்தன. முதலாம் உலகப் போர்க் காலத்தில் சில துப்பாக்கிகள் சுடும்போதே சிதறிய பிறகுதான் செய்முறை மாற்றப்பட்டது. அந்த எண்வரிசையைச் சேர்ந்த, கைபடாத ரைபிளுக்கு இன்று சேகரிப்பாளரிடையே உயர்ந்த விலை உண்டு. அதில் ஒரு தோட்டாவைக்கூடப் போட்டுச் சுட வேண்டாம் என்பதே பொறுப்புள்ளவர்கள் தரும் அறிவுரை.

இந்த ஒப்பீடு அமெரிக்கச் சந்தையை வைத்தே எழுதப்படுகிறது. உலகின் பல ராணுவங்களின் பழைய சரக்கு பெருமளவில் போய்ச் சேர்ந்த இடம் அதுதான். 1968-ஆம் ஆண்டுச் சட்டம் உபரி ராணுவத் துப்பாக்கிகளின் இறக்குமதிக்குக் கதவை மூடியது. 1984-இல் வந்த திருத்தம், சேகரிப்புக்குரிய பழம்பொருள் என்ற வகைக்கு அதை மீண்டும் திறந்தது. ஐம்பது ஆண்டு கடந்த, மூல அமைப்பு மாறாத துப்பாக்கி அந்த வகைக்குள் வரும். மூன்றாண்டுக்கு 30 டாலர் கட்டணத்தில் சேகரிப்பாளர் உரிமம் ஒன்று உண்டு. அதை வைத்திருப்பவர் இத்தகைய துப்பாக்கியை வேறு மாநிலத்திலிருந்தும் நேரடியாக வரவழைக்கலாம், ஆனால் வாங்கியதையும் விற்றதையும் பதிவேட்டில் எழுதி வர வேண்டும். மாநிலச் சட்டங்கள் இதற்கு மேலும் கட்டுப்பாடு விதிப்பதால், வாங்குமுன் தம் மாநிலத்தின் விதியைப் பார்த்துக்கொள்வது கட்டாயம். முதல் ரைபிளாகப் பலரும் யோசிக்கும் ஐந்தை இங்கே எடுத்துக்கொள்கிறேன்: ரஷ்யாவின் மோசின்-நகான், ஜெர்மனியின் மவுசர் 98கே, பிரிட்டிஷ் வழியில் வந்த லீ-என்ஃபீல்டு, சுவிட்சர்லாந்தின் கே31, அமெரிக்காவின் எம்1 கேரண்டு.

மோசின்-நகான் 1891-இல் ஏற்கப்பட்டு, 1930-இல் திருத்தப்பட்டு, இரண்டு உலகப் போர்களையும் கடந்தது. மொத்தம் 3 கோடியே 70 லட்சம் அளவுக்குச் செய்யப்பட்டதாகப் பொதுவாகக் கணக்கிடுகிறார்கள். போர் முடிந்ததும் சோவியத் ஆயுதசாலைகள் லட்சக்கணக்கான ரைபிள்களைப் பிரித்து, நல்ல உறுப்புகளைத் தேர்ந்து மீண்டும் கோர்த்து, கட்டைக்கு அரக்குப் பூச்சு பூசி, தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் போல்ட்டின் பழைய எண்ணை அடித்துவிட்டு ரிசீவரின் எண்ணைப் புதிதாகப் பொறித்து, காஸ்மோலின் என்னும் கெட்டிக் கிரீஸில் தோய்த்து அடுக்கிவைத்தன. அந்தச் சரக்குதான் 2000-களில் அமெரிக்கக் கடைகளில் பெட்டி பெட்டியாக வந்து இறங்கி, 100 டாலருக்கும் கீழே விற்றது. வரத்து நின்றுபோன பின் இன்று அதைப்போல் மூன்று நான்கு மடங்கு கேட்கிறார்கள். விலை இப்படி ஏறியதைப் பார்த்து, எந்த மோசினும் நல்ல முதலீடு என்று சிலர் முடிவு கட்டுகிறார்கள், அது தவறு. ஏறியது அடிமட்ட விலை மட்டுமே. கோடிக்கணக்கில் இருந்த ஒரு பொருளின் சாதாரணப் பிரதி, அரிய பொருளாக மாறிவிடவில்லை.

நம்பகத்தைப் பொறுத்தவரை, மோசினின் எளிமைதான் அதன் பலம். போல்ட்டைக் கருவி எதுவும் இல்லாமல் கையாலேயே கழற்றலாம். தோட்டாவைத் தட்டி வெடிக்கவைக்கும் அடி ஊசி எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்க வேண்டும் என்பதை அளக்கும் வெட்டுகள், துப்பாக்கியோடு வரும் திருப்புளியிலேயே இருக்கும். வாங்கியவர்கள் அதிகம் முறையிடுவது, சில தோட்டாக்கள் சுட்டதும் போல்ட் இறுகிக்கொள்வதைப் பற்றி. பெரும்பாலும் அது துப்பாக்கியின் குறையன்று. தோட்டா அறையில் தங்கிவிட்ட பழைய காஸ்மோலினோ, தோட்டாவின் எஃகுக் கூட்டின் பூச்சோ சூட்டில் பசைபோல் ஒட்டிக்கொள்வதால் வருவது அது. கரைப்பானும் செப்புத் தூரிகையும் கொண்டு அறையைத் தேய்த்துக் கழுவினால் பல துப்பாக்கிகளில் அந்தத் தொல்லை தீர்ந்துவிடும். குறி விலகுகிறது என்ற குறையில் ஒரு பகுதிக்கும் எளிய காரணம் உண்டு: சோவியத் ராணுவம் இந்த ரைபிளைப் பயோனெட் பொருத்திய நிலையிலேயே குறி சரிபார்த்தது, பயோனெட் இல்லாமல் சுட்டால் ரவை வேறிடத்தில் படும். ஆயினும் போர்க்கால அவசரத்தில் கடைந்த குழல்களிடம் அதிகம் எதிர்பார்க்க முடியாது.

மோசின் குடும்பத்தில் மதிப்பும் நம்பகமும் சேர்ந்து கிடைக்கும் ஒரு கிளை உண்டு. அது ஃபின்லாந்தில் இருக்கிறது. ஃபின்லாந்து சொந்தமாக மோசின் ரிசீவர் செய்யவே இல்லை. ரஷ்ய ரிசீவர்களை எடுத்து, தன் தரத்தில் கடைந்த புதுக் குழலையும் மேம்பட்ட குறிபார்க்கும் அமைப்பையும் பொருத்திக்கொண்டது. 1939 மாடல் ரைபிள், குறி தப்பாமையில் சோவியத் சகோதரனைத் தெளிவாக மிஞ்சும். இங்கே மறுசீரமைப்பே மதிப்பைக் கூட்டியிருக்கிறது, ஏனெனில் மாற்றியவரின் கைவேலையே இந்தத் துப்பாக்கியின் வரலாறு. மோசின்தான் வேண்டும் என்று உறுதியாக இருப்பவரிடம், இரண்டு சாதாரண சோவியத் ரைபிள்களுக்கு ஆகும் பணத்தைச் சேர்த்துவைத்து ஒரு ஃபின்லாந்து ரைபிளை வாங்குங்கள் என்றே சொல்வேன்.

மவுசர் 98கே ரைபிளுக்கு வந்தால், பொறியியலைப் பற்றிக் குறை சொல்ல இடமில்லை. வலிமையான இரண்டு முன்பூட்டுகள், அவற்றுக்குத் துணையாகப் பின்னால் ஒரு காப்புப் பூட்டு, தோட்டாவின் அடியில் உள்ள வெடிமூடியான பிரைமர் பிளந்தால் வாயுவைச் சுடுபவரின் கண்ணில் படாமல் திருப்பிவிடும் துளைகள், தோட்டாவை மேகசினிலிருந்து எழும்போதே பிடித்துக்கொள்ளும் அகன்ற கொக்கி என்று அது அமைந்திருக்கிறது. இன்றைய வேட்டைத் துப்பாக்கிகள் பலவற்றின் முன்மாதிரியும் இதுவே. 1935-இல் ஏற்கப்பட்ட இந்த ரைபிள் 1 கோடியே 40 லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்டது. சிக்கல் இயந்திரத்தில் இல்லை, சந்தையில் இருக்கிறது.

98கே-யின் விலையைத் தீர்மானிப்பது எண்கள். ரிசீவர், குழல், போல்ட், குழல் வளையங்கள், திருகுகள் வரை ஒரே எண் பொறித்திருந்தால் ஒரு விலை. போல்ட் மட்டும் வேறு எண்ணாக இருந்தால் அதில் பெரும் பகுதி போய்விடும். அமெரிக்கப் படைவீரர் ஒருவர் ஜெர்மனியிலிருந்து கையோடு கொண்டுவந்தது என்பதற்கு, அவருடைய மேலதிகாரி கையெழுத்திட்ட அனுமதித் தாள் இருந்தால் விலை இன்னும் ஏறும். வீரர்கள் பயணப்பைக்குள் அடங்குவதற்காகக் கட்டையைக் குழல் வளையத்துக்கு அடியில் அறுத்துக் கொண்டுவந்த துப்பாக்கிகளும் உண்டு. வேறெந்தப் பொருளிலும் சேதம் என்று கருதப்படும் அந்த அறுப்பு, இங்கே கைபடாத வரவு என்பதற்கான அடையாளமாகி, ஓரளவு மன்னிக்கப்படுகிறது. இதற்கு நேர் எதிர்ப்பக்கத்தில் நிற்பவை சோவியத் படை கைப்பற்றிய 98கே ரைபிள்கள். மோசினுக்கு நடந்த அதே மறுசீரமைப்பு இவற்றுக்கும் நடந்தது. எண்கள் கலைந்திருக்கும், கழுகு முத்திரைகள் தட்டி அழிக்கப்பட்டிருக்கும், ரிசீவரின் மேல் பெருக்கல் குறி இருக்கும். குழல் நன்றாக இருந்தால் இவை சுடுவதற்கு அருமையான துப்பாக்கிகள். விலை, எண் பொருந்திய ரைபிளின் விலையில் ஒரு பங்குதான்.

இந்த இடைவெளிதான் மோசடிக்கு விளைநிலம். கைப்பற்றப்பட்ட ரைபிளை எடுத்து, அரக்கைச் சுரண்டி, எண்களை மாற்றிப் பொறித்து, அழிந்த முத்திரையைப் புதிதாக அடித்து, எண் பொருந்திய அசல் என்று விற்பவர்கள் இருக்கிறார்கள். எழுத்துருவின் வடிவம், முத்திரையின் ஆழம், ஒவ்வொரு தொழிற்சாலையும் எந்த ஆண்டில் எந்தக் குறியீட்டைப் பயன்படுத்தியது என்பதெல்லாம் மனப்பாடமாகத் தெரிந்தால்தான் இவர்களைப் பிடிக்க முடியும். ஓபர்ன்டோர்ஃபிலிருந்த மவுசர் ஆலை ஒரு கட்டத்தில் எஸ்/42 என்றும், பிறகு 42 என்றும், போர்க்காலத்தில் பிஒய்எஃப் என்றும் குறித்தது. இது ஓர் ஆலையின் கதை மட்டுமே. முதல் ரைபிள் வாங்குபவருக்கு இந்தக் கண் வாய்த்திருக்காது. ஆகவே எண் பொருந்திய 98கே-யை முதல் வாங்கலாகத் தேர்ந்தெடுக்க வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து.

மவுசர்தான் சுட வேண்டும் என்றால், யூகோஸ்லாவியாவின் எம்48 இருக்கிறது. 1950 முதல் க்ராகுயெவாட்ஸில் செய்யப்பட்ட இந்த ரைபிள்களில் பல, அதிகம் புழங்காமல் கிடங்கிலேயே கிடந்தவை. உபரிச் சந்தையில் புதுக்குழல் எதிர்பார்க்கத் தக்க மிகச் சிலவற்றில் இதுவும் ஒன்று. இதன் ரிசீவர் 98கே-யைவிடச் சற்றுக் குட்டை என்பதால் போல்ட்டை ஒன்றுக்கொன்று மாற்றிப் போட முடியாது என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். உலகப் போரின் வரலாறு இதற்கு இல்லாததால் மதிப்பு மெதுவாகத்தான் ஏறும்.

லீ-என்ஃபீல்டைப் பற்றித் தமிழ் வாசகருக்கு அறிமுகம் தேவையில்லை. காவல் நிலையத்து வாசலிலும் வங்கி வாசலிலும் தோளில் தொங்கிய ‘த்ரீ நாட் த்ரீ’ அதுதான். பத்துத் தோட்டா கொள்ளும் மேகசின், கையை அதிகம் அசைக்காமல் இழுக்கும் போல்ட், சேற்றிலும் மணலிலும் திக்காமல் ஓடும் தளர்வான தோட்டா அறை ஆகியவை அதைப் போர்க்களத்துக்கு ஏற்ற கருவியாக்கின. அந்தத் தளர்வே சேகரிப்பாளருக்கு ஒரு தலைவலியும் ஆகிறது. போல்ட் பின்பக்கத்தில் பூட்டிக்கொள்வதாலும், விளிம்பு வைத்த .303 தோட்டாவுக்கு அறை தாராளமாகக் கடையப்பட்டிருப்பதாலும், ஒருமுறை சுட்ட பித்தளைக் கூடு நீண்டுவிடும். சுட்ட கூட்டில் மருந்தும் ரவையும் மீண்டும் நிரப்பிப் பயன்படுத்துபவருக்குக் கூடு சில முறைக்கு மேல் தாங்காது. எண் 4 மாடலில் இதைச் சரிசெய்ய ஒரு நல்ல வழி வைத்தார்கள்: போல்ட்டின் தலை தனியாகக் கழலும், 0 முதல் 3 வரை எண்ணிட்ட நான்கு நீளங்களில் கிடைக்கும். தலையை மாற்றினால் ஹெட்ஸ்பேஸ், அதாவது போல்ட்டின் முகத்துக்கும் தோட்டா அமரும் இடத்துக்கும் உள்ள இடைவெளி, சரியாகிவிடும். பழைய எண் 1 மாடலில் அந்த வசதி இல்லை; அங்கே தலையைத் தேடிப் பொருத்திப் பார்ப்பது பட்டறைக்காரரின் பொறுமையைச் சார்ந்தது.

இந்தக் குடும்பத்தில் வங்காளத்து இஷாப்பூர் தொழிற்சாலையின் 2ஏ1 ரைபிளுக்குத் தனி இடம் உண்டு. 1962 சீனப் போருக்குப் பிறகு, நேட்டோவின் 7.62 மி.மீ. தோட்டாவுக்காக, மேம்படுத்திய எஃகில் புதிதாகவே வடித்த ரிசீவரோடு இது செய்யப்பட்டது. பழைய .303-ஐக் குடைந்து மாற்றியது என்று விற்பனையாளர்கள் சிலர் இன்றும் சொல்வது பிழை. ரிசீவரின் பக்கத்தில் ஆர்.எஃப்.ஐ. என்ற எழுத்துகளும் ஆண்டும் இருக்கும்; மேகசின் சதுர மூலையோடு தட்டையாக நிற்கும்; பின் குறிக்காட்டி 800 மீட்டரோடு முடியும். முதல் வடிவமான 2ஏ-யில் பழைய 2000 கெஜக் குறிக்காட்டியே இருந்தது. வெகுகாலம் இதைச் சேகரிப்பாளர் பொருட்படுத்தவில்லை. இங்கிலாந்தின் முத்திரை இல்லை, பெரும்போரின் கதை இல்லை என்று ஒதுக்கியதால் விலை தாழ்ந்தே கிடந்தது. இறக்குமதியாளர் சிலர் இவற்றின் குழலை வெட்டிக் குட்டையாக்கி, இல்லாத ஒரு ராணுவ மாடலின் பெயரைச் சூட்டி விற்றதும் நடந்தது. அதனால் வெட்டுப்படாத 2ஏ1 இன்று முன்னைவிடக் குறைவாகவே கண்ணில் படுகிறது. நம் ஊழியர் கையில் உருவான, போல்ட் ரைபிள்களின் காலம் முடியும் தறுவாயில் வந்த இந்தத் துப்பாக்கி, அடுத்த சில ஆண்டுகளில் மதிப்புப் பெறும் என்று நான் நம்புகிறேன். சுடுபவர் நேட்டோ அளவுத் தோட்டாவையே போடட்டும், வேட்டைக்கென விற்கும் .308 தோட்டாக்களில் சில அழுத்தம் மிகுந்தவை.

இஷாப்பூர் ரைபிள்களில் விலகி நிற்க வேண்டியவையும் உண்டு. கட்டையில் டி.பி. என்ற எழுத்துகள் இருந்தால் அது அணிவகுப்புப் பயிற்சிக்கெனக் கழிக்கப்பட்டது, சுடுவதற்கு அன்று. முன்கட்டையில் செப்புக் கம்பி சுற்றியிருந்தால் அது கையெறிகுண்டு ஏவுவதற்காக ஒதுக்கப்பட்டது. அந்த அதிர்ச்சிகளைத் தாங்கிய ரிசீவரைச் சோதிக்காமல் நம்பக்கூடாது. குழலைக் குடைந்து .410 அளவில், ஒரு நேரத்தில் ஒரு தோட்டா மட்டும் ஏற்றும் வழவழக் குழல் மஸ்கட்டாகக் காவலர்களுக்குக் கொடுத்தவையும் சந்தையில் உண்டு. வரலாற்றுப் பொருளாக அவை சுவையானவை, ரைபிளாக வாங்க வேண்டாம்.

இந்தியாவில் இருந்து இதைப் படிப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழ் .303 தடை செய்யப்பட்ட அளவு. சாதாரண உரிமத்தில் அதை வாங்க முடியாது. அதே லீ-என்ஃபீல்டு வழியில் இஷாப்பூர் செய்த .315 வேட்டை ரைபிள்தான் குடிமக்களுக்கு நெருக்கமானது. ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கையும் 2019 திருத்தத்தில் மூன்றிலிருந்து இரண்டாகக் குறைந்துவிட்டது. சேகரிப்பு என்ற பொழுதுபோக்குக்கு அங்கே இடம் மிகக் குறுகியது.

சுவிஸ் கே31-ஐக் கையில் எடுக்கும்போது, இதுவரை பேசிய எதைப் பற்றியும் கவலைப்பட வேண்டியதில்லை என்ற உணர்வு வருகிறது. 1933 முதல் 1958 வரை பெர்ன் நகரத்து அரசு ஆலையில் 5 லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்டு, எந்தப் போரிலும் சுடாமல், மக்கள்படை வீரர்களின் வீடுகளில் இருந்த ரைபிள் இது. ஆகவே ரிசீவர், குழல், போல்ட் எண்கள் பொருந்தியிருப்பது இங்கே விதிவிலக்கன்று, வழக்கம். போல்ட்டைத் திருகாமல் நேராகப் பின்னுக்கு இழுத்துத் தள்ளினால் போதும். விசை இரண்டு நிலைகளில் தெளிவாக விடுபடும். குழல் பெரும்பாலும் கண்ணாடிபோல் இருக்கும். இதற்கென்றே வந்த ஜி.பி.11 தோட்டா, ராணுவத் தோட்டாக்களில் மிகச் சீரானது எனப் பெயர்பெற்றது. அதன் பிரைமர் குழலை அரிப்பதும் இல்லை. கட்டையின் அடிப்பகுதி மட்டும் பல துப்பாக்கிகளில் நசுங்கி உதிர்ந்து அசிங்கமாக இருக்கும். அதைப் பார்த்து முகம் சுளித்து விட்டுவிட்டால் நஷ்டம் வாங்குபவருக்குத்தான். அடித்தகட்டின் இரண்டு திருகுகளைக் கழற்றினால், பல ரைபிள்களில் அதை வைத்திருந்த வீரரின் பெயரும் ஊரும் படைப்பிரிவும் எழுதிய சிறு அட்டை மடித்து வைக்கப்பட்டிருக்கும். அட்டையோடு உள்ள கே31-க்குச் சற்றே விலை கூடும். அந்த அட்டையை அங்கேயே விட்டுவைப்பது நல்ல பழக்கம்.

குறை இல்லாமல் இல்லை. நேராக இழுக்கும் போல்ட்டுக்கு, அறையில் சிக்கிய கூட்டைத் திருகி இளக்கும் நெம்புவிசை குறைவு. அழுக்கான தோட்டா, வளைந்த தோட்டா ஆகியவற்றோடு அது கோபித்துக்கொள்ளும். மோசினை வாய்க்காலில் போட்டு எடுத்தாலும் சுடும், கே31-ஐ அப்படி நடத்த முடியாது. உதிரி உறுப்புகள் எளிதில் கிடைப்பதில்லை. ஜி.பி.11 இருப்பும் ஆண்டுக்காண்டு கரைந்துவருகிறது. செர்பியாவின் பிர்வி பார்டிசான் நிறுவனம் இந்த அளவில் புதுத்தோட்டா செய்வதால் துப்பாக்கி பட்டினி கிடக்காது, ஆனால் செலவு கூடும். 2000-களில் மோசினைவிடச் சிறிதே அதிகமாக இருந்த இதன் விலை இன்று பல மடங்கு ஏறிவிட்டது. அந்த ஏற்றம் தரத்தை மெல்ல மெல்ல உணர்ந்ததால் வந்தது; ஆகவே இறங்கும் என்று அஞ்ச வேண்டியதில்லை.

ஐந்தாவதான எம்1 கேரண்டு, மற்ற நான்கிலிருந்து இரண்டு வகையில் வேறுபடுகிறது. இது சுட்ட வாயுவின் விசையால் தானாக அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் ரைபிள். அத்துடன், இதை விற்பதற்கென்றே சட்டத்தின் வழியில் அமைந்த ஒரு நிறுவனம் இருக்கிறது. 1996-இல் அமெரிக்க நாடாளுமன்றம் தனி அமைப்பாக ஆக்கிய குடிமக்கள் குறிசுடு திட்டம், அலபாமாவின் அன்னிஸ்டனிலும் ஓஹையோவிலும் இருந்து ராணுவத்தின் கேரண்டுகளைக் குடிமக்களுக்கு விற்கிறது. குடியுரிமைச் சான்று, இணைந்த சங்கம் ஒன்றில் உறுப்பினர் என்ற சான்று, குறிசுடும் பயிற்சியில் ஈடுபட்டதற்கான சான்று ஆகியவற்றைக் காட்ட வேண்டும். குழலின் வாயையும் ரவை உள்ளே நுழையும் முனையையும் அளவுகோலால் அளந்து தரம் பிரித்துக் கொடுக்கிறார்கள்; அங்கிருந்து வந்தது என்பதற்குச் சான்றிதழும் உண்டு. போலியை எண்ணி இரவில் தூக்கம் கெடாத ஒரே இடம் இது என்று சொல்லலாம்.

கேரண்டில் எண் பொருந்துவது என்ற கேள்வியே எழாது, ஏனெனில் ராணுவத்தில் யாரும் அப்படி வைத்திருக்கவில்லை. போருக்குப் பின் லெட்டர்கென்னி, ரெட் ரிவர் போன்ற கிடங்குகளில் எல்லாவற்றையும் பிரித்துக் கலந்து கோர்த்தார்கள். ஸ்பிரிங்ஃபீல்டு ரிசீவரில் வேறு ஆலைகளான வின்செஸ்டரின் போல்ட்டும் ஹாரிங்டனின் உறுப்புகளும் இருப்பது இயல்பு. அந்தந்த ஆண்டுக்குரிய உறுப்புகளைத் தேடிச் சேர்த்து, அசல் நிலை என்று பெருவிலைக்கு விற்பதும் நடக்கிறது. உறுப்புகள் அசலாக இருக்கலாம், சேர்ந்திருப்பது அசல் அன்று. அத்தகைய துப்பாக்கிக்குக் கூடுதல் பணம் தருவதை நான் ஏற்பதில்லை. இதைவிடக் கடுமையான ஆபத்து, ராணுவம் வெட்டிப்போட்ட ரிசீவர்த் துண்டுகளை ஒட்டவைத்துச் சந்தையில் விட்ட ரைபிள்கள். மேற்சொன்ன திட்டத்துக்கு வெளியே வாங்கும்போது ரிசீவரின் பக்கங்களில் பற்றவைத்த தடம் இருக்கிறதா என்று பார்க்காமல் கை நனைக்கக் கூடாது.

பராமரிப்பும் சற்றே வேறு. எண்ணெய்க்குப் பதிலாக உராயும் இடங்களில் கிரீஸ் வைக்க வேண்டும். மெதுவாக எரியும் மருந்தும் கனத்த ரவையும் கொண்ட வேட்டைத் தோட்டாக்கள், வாயுத் துளையில் அழுத்தத்தைக் கூட்டி போல்ட்டை ஓட்டும் இயக்குதண்டை வளைத்துவிடும். இதற்கென்றே அளவிட்டுச் செய்த .30-06 தோட்டாவையே போட வேண்டும். அடி ஊசி தளர்வாக மிதப்பதால், அறைக்குள் ஒற்றைத் தோட்டாவை இட்டு போல்ட்டைச் சடாரென்று விடுவதும் ஆகாது.

எந்த ரைபிளானாலும், பணம் கொடுக்குமுன் செய்ய வேண்டிய சோதனைகள் ஒன்றே. குழலுக்குள் ஒளியிட்டுப் பார்ப்பதோடு நில்லாமல், வாய்ப்பக்கத்தில் ரவை ஒன்றைத் தலைகீழாகச் செருகி எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்று பார்க்க வேண்டும். சுத்தம் செய்யும் தண்டை வாய்ப்பக்கமாகவே விட்டு இழுத்துத் தேய்த்த பழைய வழக்கத்தால், நடுக்குழல் பளபளத்தாலும் வாய் அகன்றிருக்கலாம். இருண்ட குழல் ஒன்று நன்றாகச் சுடுவதுண்டு. வாய் தேய்ந்த குழல் சுடாது. ஹெட்ஸ்பேஸை அளவுக்கட்டையால் துப்பாக்கிப் பட்டறைக்காரர் ஒருவர் சோதித்துச் சொல்லும்வரை முதல் தோட்டாவை ஏற்ற வேண்டாம். போல்ட் மாறிய துப்பாக்கிகளில் இது உயிர் சம்பந்தப்பட்டது.

பழைய உபரித் தோட்டாக்களை வாங்கியவர் இன்னொன்றையும் அறிய வேண்டும். அவற்றின் பிரைமரில் பொட்டாசியம் குளோரேட்டு இருந்தால், சுட்ட பின் குழலில் உப்பு படியும். அந்த உப்பு காற்றின் ஈரத்தை இழுத்து ஓரிரு நாளில் துருப்பிடிக்க வைத்துவிடும். எண்ணெய் அதைக் கரைக்காது, வெந்நீர்தான் கரைக்கும். சுட்ட அன்றே கழுவித் துடைத்து உலர்த்தி எண்ணெய் பூச வேண்டும். 2021-இல் ரஷ்யத் தோட்டாக்களின் இறக்குமதிக்கு அமெரிக்கா தடை விதித்த பின், மோசினுக்கு மலிவாகத் தோட்டா கிடைக்கும் என்ற பழைய கணக்கும் மாறிப்போனது. துப்பாக்கியின் விலையோடு ஆயிரம் தோட்டாவின் விலையையும் சேர்த்தே ஒப்பிட வேண்டிய காலம் இது.

இவ்வளவையும் வைத்து, ஒரே ஒரு ரைபிள் வாங்கி அதைச் சுடவும் வைத்திருக்கவும் விரும்புபவருக்கு நான் கே31-ஐத்தான் முதலில் சொல்வேன். எண் பொருந்திய நிலையும் நல்ல குழலும் சேர்ந்து கிடைப்பது அங்கே சாதாரணம் என்பதே காரணம். அமெரிக்கக் குடிமகனாக இருந்து, சங்கத்தில் சேரவும் காத்திருக்கவும் பொறுமை உள்ளவருக்குக் குறிசுடு திட்டத்தின் கேரண்டு அதற்கு இணை. வாங்கும் இடத்தின் நேர்மையைக் கணக்கில் எடுத்தால் ஒருபடி மேல். கையில் பணம் குறைவாக இருப்பவர், வெட்டுப்படாத இஷாப்பூர் 2ஏ1 கண்ணில் பட்டால் தயங்காமல் எடுக்கலாம். சாதாரண சோவியத் மோசினை இன்றைய விலைக்கு வாங்க நல்ல காரணம் ஏதும் எனக்குத் தெரியவில்லை. 98கே-யை, ஓராண்டாவது முத்திரைகளைப் படித்து, நம்பத் தக்க மூத்த சேகரிப்பாளர் ஒருவரின் தொகுப்பைக் கையில் வாங்கிப் பார்த்த பிறகு, இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ வாங்கட்டும். அப்போதும் விற்பவரிடம், போல்ட்டை வெளியே எடுத்து அடிப்பக்கத்து எண்ணைக் காட்டச் சொல்லிக் கேட்க வேண்டும். காட்ட மறுப்பவரிடம் பேரம் பேச எதுவும் இல்லை.